கத்தரியில் கஞ்சத்தனம் வேண்டாம்!



சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். "வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை செய்து நாலு காசு பார்க்க ஆசை. பன்னிரண்டாயிரத்துக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடைக்கிறது. அது போதுமா?" என்று கேட்டிருந்தார். பதில் எழுதியவர்களில் பலரும், "ஆரம்பத்தில் அது போதும், சம்பாதித்த பிறகு நல்லதாக வாங்கிக்கொள்ளலாம்" என்றே சொல்லியிருந்தார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவள்தான். நினைத்ததோடு நிற்காமல் வாங்கியும் விட்டேன். நான் பட்டதைச் சொன்னால் இன்னொரு வீட்டிலாவது அந்தக் கஷ்டம் வராதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் தென்காசிக்காரி. வயது முப்பத்தாறு. பிளஸ் டூ முடித்ததும் டைப்ரைட்டிங் போய், தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் லோயர் பாஸ் செய்தேன். அதற்கு மேல் படிக்க வீட்டில் வசதி இல்லை. கல்யாணம், இரண்டு பிள்ளைகள் என்று வருஷங்கள் ஓடிவிட்டன. வீட்டுக்காரர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். மாமியார் எங்களோடு இருக்கிறார்.

மூன்று வருஷத்துக்கு முன் குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தும் தெரிந்தவர் ஒருவர், "சீசனில் போனுக்குப் பதில் சொல்லியே மாளவில்லை. வாட்ஸ்அப்பில் ரூம் கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் போட்டு, புக்கிங் நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியுமா?" என்று கேட்டார். அப்படி ஆரம்பித்ததுதான். பிறகு மதுரையில் ஒரு வியாபாரிக்கு பில் என்ட்ரி, சென்னையில் ஒருவருக்குத் தமிழ் டைப்பிங் என்று வேலை சேர்ந்தது. இதைத்தான் விர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்கிறார்கள். பெயர்தான் பெரிது. முதலாளி ஓர் ஊரில், உதவிக்கு இருப்பவர் இன்னோர் ஊரில். ஆபீசில் ஒரு கிளார்க் செய்கிற வேலையை நாம் வீட்டில் இருந்தபடி செய்கிறோம், அவ்வளவுதான்.

"நம்ம ஊரில் கம்ப்யூட்டர் வேலையா?" என்று இப்போது யாரும் சிரிப்பதில்லை. 2011-ல் ஸோஹோ நிறுவனம் நம் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தபோது பலர் அப்படித்தான் சிரித்தார்கள். அங்கே உருவான 'ஸோஹோ டெஸ்க்' என்ற சாப்ட்வேரை இன்று எத்தனையோ வெளிநாட்டுக் கம்பெனிகள் பயன்படுத்துகின்றன. ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடக் கூடாது. கம்பெனி வேலை என்றால் மிஷின், நாற்காலி, கரண்ட் எல்லாம் கம்பெனியின் பொறுப்பு. வீட்டில் உட்கார்ந்து செய்கிறவளுக்கு எல்லாம் அவள் பொறுப்பு. மிஷின் நின்றால் வேலையும் நிற்கும், கூலியும் நிற்கும்.

எனக்கு நடந்ததும் அதுதான். பன்னிரண்டாயிரம் கொடுத்துப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். ஆன் செய்தால் அடுப்பில் பால் பொங்கி முடிந்த பிறகுதான் திரை வரும். மூன்றாம் மாதமே பவர் சப்ளை போயிற்று. 1,800 ரூபாய் செலவு. ஹார்டு டிஸ்க் அவ்வப்போது 'கடக் கடக்' என்று சத்தம் போட்டது. "பழசு அப்படித்தான் இருக்கும், ஓடுகிற வரை ஓடட்டும்" என்று விட்டுவிட்டேன். யு.பி.எஸ். வாங்க இன்னொரு மூவாயிரமா என்று அதையும் தள்ளிப்போட்டேன்.

அது ஆனி மாதம். சாரல் நேரத்தில் நம் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மரக்கிளை கம்பியில் விழுந்து கரண்ட் போகும், வரும், போகும். மதுரை வியாபாரிக்கு மாதாமாதம் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தை ஜி.எஸ்.டி.யில் ஏற்ற வேண்டும். அதற்கான பில்களை நான்கு நாட்கள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அடித்து வைத்திருந்தேன். நானூறுக்கு மேல் பில். 10-ஆம் தேதி சாயங்காலம் கரண்ட் மூன்று தடவை போய்ப் போய் வந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. மெக்கானிக் தம்பி வந்து பார்த்து, "அக்கா, டிஸ்க் போச்சு. உள்ள இருந்தது எதுவும் வராது" என்று சொல்லிவிட்டார். வேறு எங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை. அந்த ராத்திரி நான் சாப்பிடவில்லை.

அந்த வியாபாரி திட்டவில்லை. "தங்கச்சி, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா பதினொன்னாந்தேதின்னா பதினொன்னாந்தேதிதான். கவர்மென்ட் எனக்காகக் காத்திருக்காது" என்றார். அடுத்த மாதம் அவர் பில்களை அனுப்பவில்லை. மாதம் ஐந்தாயிரம் ரூபாய் வந்துகொண்டிருந்த வேலை போயிற்று. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

இரண்டு நாள் கழித்து அம்மா வந்தார்கள். அம்மா நாற்பது வருஷம் பீடி சுற்றியவர். தென்காசி, கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். எங்களைப் படிக்க வைத்ததும் அந்தச் சுளகுதான். நடந்ததைக் கேட்டுவிட்டு அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள். "ஏட்டி, நான் சேலையில கஞ்சத்தனம் பண்ணுவேன், சாப்பாட்டுல பண்ணுவேன். என்னைக்காவது கத்தரியில பண்ணிப் பாத்திருக்கியா?"

உண்மைதான். இலை வெட்டும் கத்தரி மொண்ணையாக இருந்தால் இலை கிழியும். இலை சேதமானால் கடையில் கொடுத்த இலைக்கு எண்ணிக்கை வராது. ஓரம் பிசிறாக இருந்தால் பீடியைக் கழித்துவிடுவார்கள். குறைகிற ஒவ்வொன்றும் கூலியில் போகும். அதனால் அம்மா நல்ல கத்தரியாக வாங்கி, சாணை பிடித்து வைத்திருப்பார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்துக்குக் காகிதம் வெட்டக் கேட்டால்கூடத் தர மாட்டார்கள். "அது தொழில் கத்தரி, தொடாதே" என்பார்கள். பிளஸ் டூ படித்த எனக்குத் தெரியாதது, பள்ளிக்கூடமே போகாத அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

அன்று ராத்திரி நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். நீங்களும் பாருங்கள். பழைய கம்ப்யூட்டர் 12,000. பவர் சப்ளைக்கு 1,800. புது டிஸ்க் போட 2,200. ஆக 16,000. அது ஓடியது எட்டே மாதம். மாதத்துக்கு 2,000 ரூபாய் ஆகிறது. பிறகு நான் வாங்கிய புது லேப்டாப் 46,000. குறைந்தது மூன்று வருஷம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 1,280 ரூபாய் கூட வரவில்லை. ஒரு நாளைக்குச் சுமார் 43 ரூபாய். எது மலிவு, எது விலை அதிகம், நீங்களே சொல்லுங்கள். இதில் போன வியாபாரியையும் போன மானத்தையும் நான் சேர்க்கவே இல்லை.

நல்லது என்றால் கடையிலேயே விலை உயர்ந்தது என்று அர்த்தமில்லை. நம் வேலைக்கு எது தேவையோ அதில் உறுதியானது. நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மேஜைக் கம்ப்யூட்டரைவிட நம் ஊருக்கு லேப்டாப்தான் தோது. பாட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் பொட்டென்று அணையாது. 8 ஜி.பி. ராம் இருக்கட்டும். உள்ளே எஸ்.எஸ்.டி. இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அதில் சுற்றுகிற தட்டு கிடையாது. வேகமாகவும் திறக்கும், லேசான அதிர்ச்சியையும் தாங்கும். ஆனால் எஸ்.எஸ்.டி.யும் ஒருநாள் போகக்கூடியதுதான், நகல் எடுக்காமல் இருக்கக் கூடாது.

பழையதுதான் வாங்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்கு முந்திய பெரும்பாலான மிஷின்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. கடைகளில் மலிவாகத் தள்ளிவிடும் பழைய லேப்டாப்புகளில் பல இந்த வகைதான். "எத்தனையாவது தலைமுறை? விண்டோஸ் 11 ஏறுமா?" என்று கேளுங்கள். கேட்கிறவளை ஏமாற்றக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

அடுத்தது, பலர் மறந்துவிடுகிற விஷயம். கரண்ட் போனால் லேப்டாப் ஓடும், ஆனால் இன்டர்நெட் பெட்டி அணைந்துவிடும். பிறகு லேப்டாப் ஓடி என்ன பிரயோஜனம்? அந்த ரவுட்டருக்கு என்றே சின்ன யு.பி.எஸ். விற்கிறது. ஒன்றரை ஆயிரத்தை ஒட்டித்தான் எனக்கு ஆனது. அது இருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் சமாளிக்கலாம். வீட்டு இன்டர்நெட் ஒரு கம்பெனியுடையது என்றால், போனில் வேறு கம்பெனி சிம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று படுத்தால் மற்றது கைகொடுக்கும்.

குற்றால வேலைக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். சாரல் சீசனிலும், கார்த்திகை மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரும்போதும் முதலில் கேட்கிற கேள்வி, "மெயினருவியில் குளிக்க விடுகிறார்களா?" என்பதுதான். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோன பிறகு, குழந்தைகளோடு வருகிறவர்கள் இதைக் கேட்காமல் கிளம்புவதில்லை. அருவியில் தடை போட்டார்கள் என்றால் அதை அப்போதே சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து நம் வீட்டில் நெட் இல்லை என்றால் அது வெறும் புக்கிங் நஷ்டம் மட்டுமில்லை.

மூன்றாவது, நகல். தினமும் வேலை முடிந்ததும் ஒரு நகல் வெளியே உள்ள டிஸ்க்கில், இன்னொரு நகல் கூகுள் டிரைவில். 15 ஜி.பி. வரை அங்கே இலவசம். பில்லுக்கும் கடிதத்துக்கும் அது தாராளம். ராத்திரி கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுப் படுக்கிற மாதிரி இதையும் பழக்கமாக்கிக்கொண்டேன்.

நாலாவது, உடம்பு. முதல் ஒரு வருஷம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு வலி வந்ததுதான் மிச்சம். அம்மாவுக்குச் சுளகோடு குனிந்து குனிந்து முதுகு போயிற்று, எனக்கும் அதே கதி வேண்டுமா? முதுகைத் தாங்கும் நாற்காலி, தனியாக ஒரு கீபோர்டு, பேச ஒரு மைக் வைத்த ஹெட்போன் இந்த மூன்றும் ஆடம்பரம் இல்லை. நம்மைப் போல டைப்ரைட்டிங் படித்தவர்கள் கவலைப்பட வேண்டாம். இ-கலப்பை, அழகி போன்ற இலவச சாப்ட்வேரில் பழைய டைப்ரைட்டர் முறையிலேயே தமிழ் அடிக்கலாம். புதிதாகக் கற்பவர்கள் தமிழக அரசு 1999-ல் அறிவித்த தமிழ் 99 முறையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. திருட்டு சாப்ட்வேர் ஏற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். லாட்ஜுக்கு வருகிறவர்களின் ஆதார் நகல் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அடுத்தவர் நம்பிக் கொடுத்த பொருள் அது. இப்படிப்பட்ட தனிநபர் விவரங்களைப் பாதுகாக்க 2023-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. லிப்ரே ஆபீஸ் போன்றவை இலவசமாகவே கிடைக்கும்போது திருட்டு எதற்கு?

சரி, இதற்கெல்லாம் பணம்? நான் ஒரே நாளில் வாங்கவில்லை. 2023 செப்டம்பரில் இருந்து வந்த மகளிர் உரிமைத் தொகை ஆயிரத்தைத் தொடாமல் வைத்திருந்தேன். குழுவில் கொஞ்சம் கடன் எடுத்தேன். முதலில் லேப்டாப், அடுத்த மாதம் ரவுட்டர் யு.பி.எஸ்., அதற்கடுத்து டிஸ்க், கடைசியாக நாற்காலி. 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 'சிஷு' பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணை இல்லாமல் பாங்கில் கடன் கேட்கலாம். தொழிலை உத்யம் தளத்தில் பதிவு செய்ய ஒரு பைசா கட்டணம் கிடையாது. ஆதாரும் பான் கார்டும் போதும். அதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் ஏஜெண்டிடம் போகாதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வேலை கிடைக்கும் முன்னே மிஷின் வாங்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் எண்பதாயிரத்துக்கு லேப்டாப் வாங்கிவிட்டு வேலை தேடினார். இன்று அதில் சினிமாதான் ஓடுகிறது. முதலில் கைத்தொழில், பிறகு வேலை, அதற்குப் பிறகு மிஷின். தெரிந்தவர் கம்ப்யூட்டரிலோ பிரவுசிங் சென்டரிலோ ஒரு மாதம் செய்து பாருங்கள். அதே மாதிரி, "டேட்டா என்ட்ரி வேலை, முன்பணம் கட்டுங்கள்" என்று யார் கேட்டாலும் கட்டாதீர்கள். முதலில் டெபாசிட் என்பார்கள், பிறகு தப்பு செய்துவிட்டாய், வக்கீல் நோட்டீஸ் என்று மிரட்டுவார்கள். வேலை கொடுப்பவர்தான் நமக்குப் பணம் தர வேண்டும், நாம் அவருக்கு இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். என் வீட்டுக்காரர் நல்லவர். ஆனால் அவர் தவணையில் வண்டி வாங்கியபோது வீட்டில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. "ஆம்பளை வேலைக்குப் போகணும்லா" என்றார்கள். நான் நாற்பத்தாறாயிரம் என்றதும் மாமியார், "ஏளா, வீட்டுல இருந்துக்கிட்டுப் பாக்குற வேலைக்கு இம்புட்டு விலையில எதுக்கு?" என்றார். வீட்டுக்காரரும், "அதில் பாதி விலைக்குப் பார்" என்றார். பெரியவன் அதற்குள், "அம்மா, இதுல கேம் ஓடுமா?" என்று கேட்டான். யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. வீட்டில் இருந்து செய்கிற வேலை என்றாலே அது வேலை இல்லை, பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. என்னிடமும் இருந்தது. இல்லாவிட்டால் நான் ஏன் முதலில் பன்னிரண்டாயிரத்துக்குப் போனேன்?

1966-ல் பீடித் தொழிலாளருக்கு என்று தனிச் சட்டம் வந்தபோது, வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று ஒத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அம்மா போன்றவர்கள் நிமிர்ந்து, "நான் வேலை பார்க்கிறேன்" என்று சொன்னார்கள். லேப்டாப் முன்னால் உட்காரும் நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. முதலில் நாம்தான் ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால் நான் மூன்று காரியம் செய்தேன். பில்லை என் பெயரில் போடச் சொன்னேன். பாஸ்வேர்டு போட்டு, "இது தொழில் கத்தரி, தொடாதே" என்று பெரியவனிடம் அம்மா பாணியிலேயே சொன்னேன். மாதம் 1,300 ரூபாயை அடுத்த மிஷினுக்கென்று தபால் ஆபீஸில் தனியாகப் போட்டு வருகிறேன்.

மதுரை வியாபாரி திரும்பி வரவில்லை. ஆனால் போன வருஷம் அதே ஆனியில், அதே மாதிரி காற்றில், கரண்ட் நான்கு மணி நேரம் இல்லாத ஒரு சாயங்காலம், லாட்ஜுக்கு வந்த முப்பது பேருக்கு மேல் பதில் போட்டு முடித்தேன். இருட்டில் விளக்கோடு வந்த மாமியார், "இன்னும் ஓடுதா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். சுக்குக்காபி போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். வேலை பார்க்கிற மருமகளுக்கு வைக்கிற காபி அது. எனக்கு அதுவே போதும்.

ஆகவே அந்தச் சகோதரிக்கு என் பதில் இதுதான். பன்னிரண்டாயிரத்தை இப்போது செலவழிக்காதீர்கள். அதோடு சேர்த்துக்கொண்டே வாருங்கள். அதற்குள் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு ஒரே தடவை, உங்கள் பெயரில், நல்லதாக வாங்குங்கள். சேலையில் மிச்சம் பிடிக்கலாம், கத்தரியில் வேண்டாம்.

என்ன சொல்கிறீர்கள் சகோதரிகளே?

ஒரு குடும்பத்தலைவி, தென்காசி.